ஏறக்குறைய என்னுஞ் சொல்லின் பொருள்

எண்ணும் எழுத்துங் கற்பிக்குந் தொழிலை மேற்கொண்ட நாம், வகுப்பில் நாடோறும் வழங்கியும் பொருள் விரித்துரையாது விடுஞ் சொற்கள் சில உள. அவற்றுள் ஒன்று "ஏறக்குறைய" என்பது. விடையைச் செவ்வையாகக் காணமாட்டாத மாணவன் "ஏறக்குறைய இவ்வளவு" என்று சொல்லித் தப்பிக்கொள்ளுகின்றான். ஆசிரியரும் அதனைச் சோம்பலின் அடையாளமாகக் கொண்டு கடிந்துகொள்ளுகின்றார். இதனால், ஏறக்குறைய என்பது அறியாமையின் பெயரென்றும், திட்டம் என்பதே அறிவின் பெயரென்றும் பிள்ளைகள் மனத்தில் ஓரெண்ணம் வேரூன்றுகின்றது. இவ்வெண்ணம் பிழையாம். தன்பால் மிச்சமுண்டென அறிந்து, அம்மிச்சம் எவ்வளவுக்குட்பட்டதென்று கண்டு, அதனை மறையாது கூறும் அறிவே ஏறக்குறைய என்பதன் உண்மைப்பொருள். இதனைச் சில சான்றுகளால் விளக்கி, வகுப்பிற் கற்பிக்கும் முறையும் காட்டுதும்.

1. சொற்பொருள்

"ஏற" என்பது மேற்செல்ல என்றும், "குறைய" என்பது கீழ்ச்செல்ல என்றும் பொருள்படும். எனவே, உண்மையளவு நாம் கூறிய அளவினும் ஏறியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம் என்று இருபுறமும் வாயில் திறந்து வைப்பது இச்சொல். "சற்றேறக்குறைய" என்னும்போது, அவ்வேற்றமுங் குறைவும் சற்றே என்று எல்லையும் உடன் கூறப்படுகின்றது. ஆகவே இவ்வொரு சொல்லினுள் இரண்டு கட்டளைகள் அடங்கியுள்ளன: வழு இருபுறமும் பொதுவாய் நிற்றல் வேண்டும்; அஃது ஓர் எல்லைக்குள் அடங்குதல் வேண்டும்.

நம் இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் "அண்ணளவு" என்பது, அண்மை குறிக்கும் "அண்" என்னுஞ் சொல்லும் அளவு என்னுஞ் சொல்லும் புணர்ந்தது. மெய்யளவுக்கு அணித்தாய் நிற்பது என்பது கருத்து. "சுமார்" என்பது பாரசீகத்தினின்றும் வந்த சொல். அம்மொழியில் அதற்கு எண்ணிக்கை என்பதே பொருள். எண்ணிக்கையைக் குறித்த சொல் நம்மிடையே வந்து அண்ணளவைக் குறிப்பதாயிற்று.

எண்ணுதல் வேறு, அளத்தல் வேறு என்பதையும் ஈண்டே அறிவுறுத்துக. வகுப்பில் 32 பிள்ளைகள் இருப்பின் அது திட்டமான தொகை. அதில் ஏற்றமுமில்லை, குறைவுமில்லை. அவ்வகுப்பிலுள்ள வாங்கின் நீளமோ, எத்துணை நுண்ணிய கோல் கொண்டு அளப்பினும், அக்கோலின் கடைசிக் கீற்றுக்கு அப்பால் ஒரு சிறு மிச்சத்தை நிறுத்தியே தீரும். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர் என்கின்றோம். அவ்வழியிடையே அலவத்துகொடையில் வாழும் பிள்ளையை நோக்கி, "கண்டி எவ்விடத்தில் முடிகின்றது?" என வினவுக. மணிக்கூட்டுக் கோபுரத்திலா, வாவிக்கரையிலா, கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலா? நகரத்துக்குக் கூரிய விளிம்பு இல்லாதபோது தூரத்துக்கு மாத்திரம் கூரிய எண் எங்ஙனம் அமையும்? இவ்விடத்தில் ஏறக்குறைய என்பதே உண்மைமொழி. "26 கிலோமீற்றரும் 413 மீற்றரும்" என்று ஒருவன் கூறின், எவ்விடந்தொட்டு எவ்விடம்வரை என்று சொல்லாதவழி அதுவே பொய்மொழியாம்.

2. முன்னோர் மிச்சத்தை மறைத்திலர்

சதுரமொன்றின் பக்கம் தெரிந்தபோது மூலைவிட்டங் காணும் முறை போதாயனருடைய சுல்ப சூத்திரத்தில் உண்டு. பக்கத்தோடு அதன் மூன்றிலொன்றைக் கூட்டுக; அம்மூன்றிலொன்றின் நான்கிலொன்றையுங் கூட்டுக; பின் அந்நான்கிலொன்றின் முப்பத்து நான்கிலொன்றைக் கழிக்க. வருவது 408இன்கீழ் 577 என்னும் பின்னம். ஒரு கிலோமீற்றர் பக்கமுடைய சதுரத்துக்கு இம்முறையால் மூலைவிட்டங் காணின், மெய்யளவினும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றரே மிகும். வேள்விமேடை கட்டுதற்கு இதனினும் நுண்மை வேண்டுவதில்லை. எனினும், அம்மரபினர் இவ்வளவுக்கு இட்ட பெயர் "சவிசேடம்". எச்சத்தோடு கூடியது என்று அதற்குப் பொருள் கூறுவர். இத்துணை நுண்ணிய அளவைக் கண்டபின்னரும் முற்றிற்று என்று முத்திரையிடாது, எச்சமுண்டு என்று பெயரிலேயே எழுதிவைத்தனர்.

கி.பி. 499இல் ஆரியபடர், 20,000 விட்டமுடைய வட்டத்தின் பரிதி 62,832 என்றார். வகுத்துப் பார்ப்பின் 3.1416 ஆகும். உண்மைப் பரிதியோ 62,831.853 என்பதை அடுத்தது. வேறுபாடு ஒன்றின் ஏழிலொரு பங்களவே. இதனைக் கூறுமிடத்து அவர் "ஆசன்னம்" என்னுஞ் சொல்லை வைத்தார். அணித்தாயது என்பது அதன் பொருள்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டின்பின் மலையாள நாட்டில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீயத்துக்குத் தாம் செய்த பாடியத்தில், உண்மையளவை விடுத்து அணித்தாயதை ஏன் கூறினார் என்று ஒரு வினாவை எழுப்பி, உண்மையளவு கூறவொண்ணாதது என்று விடை பகர்ந்தார். விட்டத்தை மிச்சமின்றி அளக்குங் கோல் எதுவோ, அக்கோலாற் பரிதியை அளப்பின் மிச்சம் நிற்கும். பரிதியை மிச்சமின்றி அளக்குங் கோலால் விட்டத்தை அளப்பினும் அவ்வாறே. கோலை எத்துணைச் சிறிதாக்கினும் மிச்சஞ் சிறிதாகுமன்றி ஒழியாது என்பது அவர் கருத்து. இவ்வுண்மையை 1761இல் யோகான் லம்பேர்ட் என்பவர் ஐரோப்பாவில் நிறுவிக் காட்டினார்.

யாம் இளமையில் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றபோது ஆக்கிமிடீசு என்னுங் கிரேக்கர் பெயரைக் கேட்டோமன்றி ஆரியபடர் பெயரைக் கேட்டிலேம். அதுபற்றி ஆக்கிமிடீசை நாம் விலக்கவேண்டுவதில்லை. இப்பாடத்துக்கு அவர் பெரிதும் வேண்டப்படுபவர். பரிதியை விட்டத்தால் வகுத்த அளவு 7இன்கீழ் 22இனுங் குறைந்தது. 71இன்கீழ் 223இனும் மிக்கது என்று அவர் நிறுவினார். ஏறும் புறத்தில் ஒரு வேலி, குறையும் புறத்தில் ஒரு வேலி. மெய்யளவு இவ்விரண்டின் இடையே. ஏறக்குறைய என்னுந் தமிழ்ச்சொல்லுக்கு இதனினுஞ் சிறந்த உரை வேண்டுமோ? 7 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குப் பரிதி 22 மீற்றர் என்று நம் பிள்ளைகள் எழுதுகின்றனர். அஃது ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் மிகை. மிகையென்று சொல்லிக் கொடுத்தல் நம் கடன்.

3. ஒரு சூத்திரமும் ஒரு செருக்கும்

செங்கோண முக்கோணத்தின் செம்பக்கங் காணுதற்கு, வர்க்கமும் வர்க்கமூலமும் வேண்டாத எளிய சூத்திரமொன்று போதாயனர் பெயரால் இக்காலத்து வழங்குகின்றது. நெடும்பக்கத்தில் எட்டிலொன்றைக் கழித்து, எஞ்சியதோடு குறும்பக்கத்தின் பாதியைக் கூட்டுக என்பது அது. பக்கங்கள் 4, 3 எனின், 3½ உம் 1½ உங் கூடி 5 ஆகும், திட்டமான விடை. 12, 5 எனின், 10½ உம் 2½ உங் கூடி 13 ஆகும், இதுவுந் திட்டம். இவ்விரண்டையுங் காட்டி, "பிதாகோரசுக்கு வேலையில்லை, நம் முன்னோர் மூலமின்றியே செம்பக்கங் கண்டனர்" என்று மேடையிற் கைதட்டல் பெறுவாருளர்.

ஆசிரியர் இவ்விடத்து நின்று மூன்றாவதொரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். பக்கங்கள் 15, 8 எனின், சூத்திரத்தால் வருவது 17⅛, உண்மை 17. இஃது ஏற்றம். 24, 7 எனின், வருவது 24½, உண்மை 25. இது குறைவு. 21, 20 எனின், வருவது 28⅜, உண்மை 29. இதுவுங் குறைவு. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் நான்கில் மூன்றாகவேனும், பன்னிரண்டில் ஐந்தாகவேனும் இருப்பின் மாத்திரமே சூத்திரம் திட்டமான விடை தரும். இவ்விரு வடிவங்களின் இடைப்பட்டவற்றுக்கு விடை ஏறும். ஆண்டு ஏற்றம் நூற்றுக்கு ஒன்றினுங் குறைவு. புறத்தனவற்றுக்கு விடை குறையும். குறும்பக்கம் மிகச் சிறிதாயவிடத்துக் குறைவு நூற்றுக்குப் பன்னிரண்டரையை அணுகும்.

இதனாற் சூத்திரம் இழிவுபட்டதோ? இல்லை. கூரைக்குச் சட்டம் தறிக்குந் தச்சனுக்கு, எவ்வடிவத்துக்கு இஃது இணங்கும் என்று தெரிந்தவழி, இதனைப்போலும் கைக்கருவி பிறிதில்லை. எல்லையோடு கூறப்பட்டால் இஃது அறிவு; எல்லையை மறைத்துத் திட்டமெனக் கூறப்பட்டால் இதுவே பொய். எச்சத்தையும் அணிமையையும் ஒளியாது கூறிய முன்னோர்க்கு, அண்ணளவைத் திட்டமென்று புகழ்ந்துரைக்கும் பின்னோர் பெருமை சேர்ப்பவராகார்.

4. ஒருபுறஞ் சாயும் வழு

சைவர் வீடுகளிற் பஞ்சாங்கம் இரண்டு வழங்குகின்றன: வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் மற்றொன்று. திதி முதலியவற்றின் நேரங்கள் இரண்டனுள்ளும் வேறுபடுதலை யாவரும் அறிவர். வாக்கிய முறையின் அருமையையும் எல்லையையும் ஒருங்கே அறிவிக்குஞ் செய்தியொன்றுண்டு. யோன் வாரன் என்னும் அறிஞர் 1825இற் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியிற் கண்ட தமிழ்ப் பஞ்சாங்க கணிதரொருவரைப்பற்றி எழுதியுள்ளார். அவர் நிலத்திற் சோகிகளை வைத்து, மனனஞ்செய்த வாக்கியங்களைக் கொண்டு, எழுத்தின் துணையின்றிச் சந்திரகிரகணங் கணித்தார். அவர் கணித்தது 1825 மே 31ஆந் தேதியிரவு நிகழ்ந்த கிரகணம். ஒட்டோ நொய்கெபௌவர் என்பவர் 1952இல் எழுதிய ஆராய்ச்சியின்படி, அக்கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மெய்யினின்றும் வேறுபட்டது. 52 நிமிடம் என்று நகைப்பாரும் தவறுவர். வழுவே இல்லையென்று வாதிப்பாருந் தவறுவர்.

சந்திரவாக்கியங்கள் 248 ஆயது ஏன்? சந்திரன் பூமிக்கு மிக அணித்தாய நிலையினின்று நீங்கி மீண்டும் அந்நிலையை எய்துதற்கு 27 நாளும், 13 மணியும், ஏறக்குறைய 18½ நிமிடமுஞ் செல்லும். இத்தகைய ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்று கொண்டனர். இதில் மிகை ஏறக்குறைய 13 நிமிடம். இம்மிகையைக் கணிதர் அறியாதிருந்தாரல்லர். 110 சுற்றுக்கு 3,031 நாள் என்னும் பிறிதோர் அளவையும் உடன் வைத்தனர். அதில் வழு ஒரு நிமிடத்தினுங் குறைவு. சிறிய அளவால் நடந்து, பெரிய அளவால் அடிக்கடி நடையைத் திருத்திக்கொள்ளுதல் அவர் முறை.

திருத்தப்படாத வழு யாதாகும் என்பதற்கு ஆண்டளவு சான்று. வாக்கிய முறையில் ஓராண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அஃதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். விண்மீன்களை நோக்கிச் சூரியன் ஒரு சுற்று வருங் காலம் இக்கால அளவைப்படி 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 செக்கன். மிகை 3 நிமிடம் 20 செக்கனே. ஓராண்டில் இதனை யாரும் உணரார். ஆயின் இவ்வழு ஓராண்டு ஏறி ஓராண்டு குறைவதன்று, ஆண்டுதோறும் ஏறுவதே. 432 ஆண்டில் அது முழுநாளாகிவிடுகின்றது. இருபுறமும் நிற்கும் வழு தன்னைத்தானே பெரும்பாலுங் கழித்துக்கொள்ளும். ஒருபுறமே சாயும் வழு, எத்துணைச் சிறிதாயினும், காலத்தாற் குவிந்து மலையாகும். ஆதலினாற்றான் கேரளத்துப் பரமேசுவரர், நெடுங்காலங் கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, 1431இல் திருக்கணிதம் என்னுந் தம் நூலைச் செய்து கணிதத்தைத் திருத்தினார்.

5. தராசின்முன் நிற்கும் ஏறக்குறைய

இதுகாறுங் கூறியது வானத்துக் கணக்கு. மலைநாட்டில் நம் மாணவர் பலருடைய வீட்டுக் கணக்கும் இதுவே. தோட்டங்களிற் கொழுந்தெடுக்குந் தாய்மார் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கின்றனர். ஒரு தோட்டத்தில் 18 கிலோ எடுத்தார்க்கு முழுப்பேரும், குறைந்தார்க்கு அரைப்பேரும் என்று விதித்திருப்பதாகக் கொள்க. ஒருத்தி காலையில் 6.4, பகலில் 6.3, மாலையில் 5.7 கிலோ எடுத்தாள். கூட்டின் 18.4, முழுப்பேருக்கு உரியவள். ஒவ்வொரு நிறுவையிலும் தசமத்தை விட்டு எழுதுவராயின் 6, 6, 5 ஆகி, 17 என்று முடியும். அவள் பேர் அரையாகும். அண்மையிலுள்ள முழு எண்ணுக்கு மட்டந்தட்டி எழுதுவராயின் 6, 6, 6 ஆகி, 18 வரும். அவள் பேர் நிற்கும். இரண்டு முறையும் அண்ணளவே. ஒன்று நீதி, மற்றொன்று வழிப்பறி.

பிறிதொரு கணக்கு: ஆறு நிறுவைகள் 12.3, 14.8, 13.6, 15.4, 11.7, 14.1 என்பன. மெய்த்தொகை 81.9. தசமம் விட்டு எழுதின் 79. அண்மைக்கு மட்டந்தட்டின் 82. முன்னதில் இழப்பு ஏறக்குறைய 3 கிலோ. பின்னதில் வேறுபாடு ஒரு கிலோவில் பத்திலொரு பங்கு. நிறுவையொன்றுக்குச் சராசரி அரைக்கிலோ வீதம் கீழே விட்டால், நாளுக்கு மூன்று நிறுவையாக 25 நாளில் 37½ கிலோ கணக்கினின்றும் மறையும்.

சாக்கின் நிறையைக் கழித்தல் முறையே. சாக்கை வேறாக நிறுத்துக் கழிப்பின் அதிற் குறைகூற இடமில்லை. மழையில் நனைந்த கொழுந்துக்கு ஈரங் கழித்தலும் முறையே. வெயில் காய்ந்த நாளிலும் அவ்வீரமே கழிக்கப்படுமாயின், அவ்வழு ஒருபுறஞ் சாய்கின்றது என்று கண்டுகொள்ளல் வேண்டும். "ஏறக்குறையத்தானே அம்மா, சில்லறையைப் பார்க்கலாமா?" என்று இன்சொற் கூறுவாருமுளர். அவரை நோக்கி, "என்றைக்காவது ஏறியதுண்டோ?" என்று வினவத்தக்க அறிவு அத்தாய்க்கு இல்லாவிடினும் அவள் பிள்ளைக்கேனும் உண்டாதல் வேண்டும். அவ்வறிவைக் கொடுக்குமிடம் நம் வகுப்பறையேயன்றிப் பிறிதில்லை.

6. கற்பிக்கும் முறை

மூன்று வினாக்களை மாணவர் மனனஞ்செய்க. எந்த அண்ணளவைக் கண்டாலும் இவற்றைக் கேட்பாராக: அண்ணளவு என்று வெளிப்படக் கூறப்பட்டதா? வழு எவ்வளவுக்குள் அடங்கும்? அஃது இருபுறமும் நிற்பதா, ஒருபுறஞ் சாய்வதா? பின்வரும் பயிற்சிகள் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்டார்க்கு ஏற்றன.

(அ) குடமொன்றின் வாயை நூலாற் சுற்றிப் பரிதியும், கோலால் விட்டமும் பத்துப் பிள்ளைகள் தனித்தனியே அளக்க. பத்து விடைகளையும் ஏறுவரிசைப்படுத்திக் கரும்பலகையில் எழுதுக. யார் விடை சரியென்று கேளாது, மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடைவெளி எவ்வளவென்று கேட்க. அவ்விடைவெளியே வகுப்பின் ஏறக்குறைய.

(ஆ) மூன்றாம் பகுதியிற் கூறிய சூத்திரத்தை 4, 3, 12, 5, 15, 8, 24, 7 என்னும் பக்கங்களுக்கு இட்டு, எங்கே ஏறிற்று, எங்கே குறைந்தது என்று பிள்ளைகளே எழுதுக. முதலிரண்டோடு நிறுத்தற்க.

(இ) கடையிலே தராசு பெற முடிந்தவிடத்து, பத்துப் பொருள்களை நிறுத்து, தசமம் விட்டு ஒருமுறையும், அண்மைக்கு மட்டந்தட்டி ஒருமுறையும், உள்ளவாறே ஒருமுறையும் கூட்டி, மூன்று தொகைகளையும் ஒப்பிடுக.

(ஈ) வட்டக் கணக்குகளின் விடையில் "ஏறக்குறைய" என்னுஞ் சொல்லை எழுதாத மாணவனுக்கு அரைப்புள்ளி குறைக்க. எழுதியவனை, "எவ்வளவுக்குள்?" என்று வாய்மொழியாற் கேட்க.

சமன்குறி இரண்டு நேர்கோடுகளால் ஆவது. அண்ணளவுக்குறி இரண்டு நெளிகோடுகளால் ஆவது. நேர்கோடு நிற்கவேண்டிய இடத்து நெளிகோடு நின்றால் அது சோம்பல். நெளிகோடு நிற்கவேண்டிய இடத்து நேர்கோடு நின்றால் அது பொய். இவ்விரண்டனையும் வேறுபடுத்தியறியும் பிள்ளை, கணித பாடத்திற் புள்ளி பெறுவதோடு நில்லாது, தன் வீட்டாரின் உழைப்பு நிறுக்கப்படுமிடத்துங் கண்விழித்து நிற்கும். அப்பயனை நோக்கி இப்பாடத்தை ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் நடத்திக்காட்டுவார்களாக.